வீட்டில் சொல்லாத வருத்தம்

ரீச்சர் எனக்கு அனுப்பிய முதல் குரல் பதிவே ஒரு அதட்டல்தான். கொழும்பு வெள்ளவத்தைக் கடையொன்றில் இடியப்பம் வாங்கும்போது, அரிசி மாவா கோதுமை மாவா என்று கேட்க வெட்கப்பட்டு, வாங்கிச் சாப்பிட்டு, இரண்டு நாள் சுருண்டு கிடந்ததை வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன். "உம்மட வெட்கம் வந்து உம்மட வயித்துவலியத் தாங்குமோ பிள்ளை? வாயத் திறந்து கேளும்!" என்றார். பின்னணியில் அவர் இருக்கும் கொட்டாஞ்சேனையின் காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. அதுவரை எனக்காக யாரும் அப்படிக் கோபப்பட்டதில்லை.

எங்களுடையது சீலியாக் என்ற நோய்க்காரர்களின் குழு; முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரீச்சருக்கும் அதே வருத்தம்தான். கோதுமையோ பார்லியோ துளி உள்ளே போனாலும் எங்கள் குடல் புண்ணாகும். வெளிநாட்டு ஆங்கிலக் குழுக்களில் நான் கண்ணால் காணாத பாண் ரொட்டிகளைப் பற்றிப் பேசுவார்கள். ரீச்சரோ நம் சமையலறைக்குள்ளேயே வந்து நிற்பார். பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பது, பிட்டு மெத்தென்று வர ஒரு கை கோதுமை மா போடுவது, சோயா சோஸில் கோதுமை, கரைத்துக் குடிக்கும் மோல்ட் மாவில் பார்லி என்று எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புதிதாக வருகிற எல்லோரிடமும் அவர் போடும் முதல் கட்டளை ஒன்றுதான்: "முதல்ல வீட்டில சொல்லுங்கோ." மட்டக்குளியில் ஒரு பெண் தன் மாமிக்கு, கணவரின் அம்மாவுக்கு, சொல்லப் பயந்தபோது, அவள் சொல்லி முடிக்கும்வரை ரீச்சர் போன் லைனிலேயே இருந்தாராம். நானும் அந்தத் தைரியத்தில்தான் என் கணவர் வீட்டாரிடம் வாயைத் திறந்தேன்.

பிறகு ரீச்சர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் மோல்ட் டின்கள் வரிசையாக நின்றன, மேலே மாரி பிஸ்கட் பாக்கெட்டுகள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் சனத்தின் மரியாதை. அந்த மரியாதைக்கு மோல்ட் டின்னை விட்டால் வேறு எதுவும் தெரியாது. மருமகள் சிரித்த முகத்தோடு ஒரு கோப்பை கொண்டுவந்தாள். ரீச்சர் வாங்கிப் பாதியைக் குடித்தார்.

"ரீச்சர், அது மோல்ட்!" என்று கத்தியே விட்டேன்.

"ஏன் அக்கா, மோல்ட் கூடாதோ?" என்று மருமகள் திகைத்தாள். அவளுக்கு எதுவுமே தெரியாது. நான் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். சீலியாக், பார்லி, சத்து உடம்பில் சேராமல் எலும்பு முறிந்திருக்கலாம் என்பதுவரை. ரீச்சர் மருமகளைப் பார்த்துக் கையை வீசிச் சிரித்தார். "இவ சும்மா எல்லாத்துக்கும் பயந்தவ. எனக்குக் காஸ்ட்ரிக் மட்டும்தான், நீ போ பிள்ளை."

அவள் உள்ளே போனதும் ரீச்சரின் குரல் மாறியது. "அவள் விடிய எழும்பிச் சமைச்சு வச்சிட்டு வேலைக்கு ஓடுறவள். எனக்கெண்டு தனிச்சட்டி வை எண்டு எந்த வாயால சொல்ல?"

"எங்களுக்குச் சொன்ன அதே வாயால," என்றேன்.

என்னைப் பார்த்தபடியே மீதியையும் குடித்து முடித்தார். என் பஸ் புறக்கோட்டையைத் தாண்டுமுன், ரீச்சர் சொல்லி, அட்மின் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டிருந்தார்.

எனக்கும் ரோஷம் வந்தது. நான் ரீச்சரை அழைக்கவில்லை, அவரும் அழைக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் ரீச்சர் போய்விட்டார். எதனால் என்று எனக்குத் தெரியாது, கடைசியில் பாதியாக மெலிந்துபோயிருந்தார் என்று மட்டும் சொன்னார்கள். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன். முகம் தெரியாத எத்தனையோ பேருக்குத் தைரியத்தை அள்ளிக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டில் வாயை மூடிக்கொண்டு கோப்பையை வாங்கினாரே, அதை நினைத்தால் இப்போதும் பற்றி எரிகிறது. தனக்கென்று ஒரு சட்டி கேட்பதையே பெரும் பாரமாக நினைக்கும்படி பெண்களை வளர்த்துவிட்ட இந்தச் சனத்தின் மேல் அதைவிடக் கோபம் வருகிறது. அன்று அந்தக் கோப்பையைப் பிடுங்கி ஊற்றாமல் வாயால் மட்டும் பேசிவிட்டு வந்த என் மேலும்தான்.

போன மாதம் அந்த மருமகள் அழைத்தாள். ரீச்சரின் போனில் என் நம்பரைத் தேடி எடுத்தாளாம்.

"அக்கா, அண்டைக்கு நீங்க சொன்னது உண்மையோ?"

"ஓம்."

"என்ட மகனுக்கும் அதுதானாம். இது குடும்பத்தில ஆருக்கும் இருந்ததோ எண்டு டொக்டர் கேட்டவர். நான் இல்லையெண்டு சொன்னனான். பிள்ளை மெலிஞ்சுகொண்டே போனான் அக்கா. மாமியப் பார்க்க வந்த ஆக்கள் தந்த மோல்ட் டின்னெல்லாம் மிச்சம் கிடந்தது. உடம்பு தேறட்டும் எண்டு, அதைத்தான் ரெண்டு நேரமும் கரைச்சுக் குடுத்தனான்."