தலை தேடிய பூவம்மாள்

தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எந்த நாற்றமும் ஒரு பொருட்டில்லை. அதனால்தான் ஆம்பூர்ப் பக்கத்துச் சின்ன தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில், மற்றவர்கள் காத தூரம் ஓடும் வேலை பூவம்மாளிடம் வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு வருஷம் அவளிடமே இருந்தது.

நாடாப்புழுவுக்கு மருந்து சாப்பிட்டவரின் வயிற்றிலிருந்து வருவதையெல்லாம் தண்ணீர் விட்டு அலசி, கறுப்புத் துணியில் பரப்பி, புழுவின் தலையைத் தேட வேண்டும். உடம்பு எத்தனை முழம் வந்தாலும் சரி, குண்டூசிக் கொண்டை அளவுள்ள அந்தத் தலை உள்ளே தங்கிவிட்டால் மூன்றே மாதத்தில் புழு மறுபடி வளர்ந்துவிடும். இப்படிப்பட்ட வேலை செய்கிறவள் கையை யார் தொடுவார்கள்? புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் அருணகிரி அறைச் சாவியைக்கூடத் தரையில்தான் போடுவார்.

1928-இல் அப்துல் சமத் வந்தார். அந்த வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர் கைப் பிரியாணிதான். ஆளோ இளைத்துத் துரும்பாகியிருந்தார். கைலியில் பூசணி விதை மாதிரி வெள்ளையாக ஏதோ நெளிகிறது என்று கூசிக்கூசிச் சொன்னார். டாக்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் காலையில் புழு மருந்தான பெரணித் தைலமும் பேதி உப்பும் கொடுத்தார்கள். பத்து முழத்துக்குமேல் வந்தது.

“தலை இல்லீங்க சார்,” என்றாள் பூவம்மாள்.

அருணகிரி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். “இவ்ளோ வந்துச்சு, தலை மட்டும் வூட்லயா இருக்கும்? போய்க் கொட்டு!” என்றவர், ‘தலை கிடைத்தது’ என்று புத்தகத்தில் எழுதிவிட்டார்.

மூன்று மாதத்தில் சமத் மறுபடி வந்து நின்றார்.

“இவதான் சரியா பாக்காம கொட்டிட்டா,” என்றார் அருணகிரி, கூசாமல்.

“இந்தத் தடவையும் தலை கிடைக்கலன்னா நீ வேலைக்கு வர வேணாம்,” என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். பொய் எழுதியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

இந்த முறை மருந்து கொடுத்ததும், புழு அறுந்துவிடாமல் இருக்கச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிச் சமதை அதில் உட்காரவைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

“பாய், பாதியில நின்னாலும் கைய வச்சு இழுக்காதீங்க. அது அறுந்தா என் பொழப்பும் அறுந்துடும்!”

மூன்று மணி நேரம் அலசினாள். முதுகு விட்டுப்போயிற்று. கடைசியில், நூலாக மெலிந்த ஒரு கழுத்தும் அதன் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டும் கறுப்புத் துணியில் தெரிந்தன. அவள் அருணகிரியைக் கூப்பிடவில்லை. நேரே டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் பூதக்கண்ணாடியோடு வந்து, அவள் பக்கத்திலேயே தரையில் குந்தினார்.

“நாலு உறிஞ்சு வாயும் தெரியுது. தலையேதான்!” நிமிர்ந்து அருணகிரியைப் பார்த்தார். “போன தடவை இத நீ கண்ணால பாத்தியா?”

அருணகிரி வாசல் பக்கம் நகர்ந்தார்.

போகும்போது சமதைப் பூவம்மாள் மறித்தாள். “வேகாத கறியிலதான் இந்தப் புழு வரும். அப்டி ஏதாச்சும் தின்றீங்களா பாய்?”

“சேச்சே! உப்பு பாக்க ஒரு துண்டு, அவ்ளோதான்.”

“அரை வேக்காட்டுலயா?”

“பின்ன? வெந்து முடிஞ்சப்புறம் உப்பு பாத்து இன்னா பிரயோஜனம்?”

முப்பது வருஷமாக, கல்யாணத்துக்கு ஒரு துண்டு. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த மாதம் பேரணாம்பட்டில் ஒரு கல்யாணம். சமத் அவளுக்கு மாட்டுவண்டியே அனுப்பிவிட்டார். அரை வேக்காட்டில் இருந்த தேக்சா அண்டாவிலிருந்து உப்புப் பார்க்க ஒரு துண்டை எடுத்துத் தனிச் சட்டியில் வேகவைத்தார். பூவம்மாள் அதைப் பிய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“உள்ள செவப்பு இருக்கு. இன்னும் வேகணும்.”

மொத்தக் கல்யாணமும் காத்திருந்தது. இரண்டாம் முறையும் பிய்த்துப் பார்த்தாள்.

“இப்போ சாப்டுங்க பாய்.”

தட்டில் வைக்கப் போனாள். சமத் தட்டைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, அவள் விரலிலிருந்தே துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“உப்பு கொஞ்சம் கம்மி,” என்றார்.