மாமியாரைக் கடித்த சிலந்தி

என் மாமியார் தையல்காரி. கணவர் போன பிறகு ஒற்றை மெஷினை மிதித்தே மகனை ஆளாக்கியவர். வம்புக்கு யார் வந்தாலும் வாயாலேயே விரட்டிவிடுவார். சிலந்தியைக் கண்டால் மட்டும் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார்.

அன்று காலை அவருடைய இடது ஆள்காட்டி விரல் வீங்கியிருந்தது. துணியைப் பிடித்து ஊசிக்கடியில் தள்ளுகிற விரல்.

"சிலந்திதான். மெஷினுக்குப் பின்னாடி குடியிருக்கே, அதுதான் கடிச்சிருக்கு."

"பாத்தீங்களா அத்தை?"

"பாக்கணுமா? நெருப்பில்லாம புகையுமா?"

விசாரணை முடிந்தது, தண்டனைதான் பாக்கி. விரலில் களிம்பைத் தடவிக்கொண்டு, ஆத்திரத்தில் பயத்தையும் மறந்து, துடைப்பமும் கையுமாக அறையைப் புரட்டிப்போட்டார். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"முதல்ல அது கிடைக்கட்டும். எந்தச் சிலந்தின்னு தெரியாம அவங்க என்ன மருந்து குடுப்பாங்க?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

மறுநாள் நீளக்காலோடு ஒன்று அகப்பட்டது. அடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டார். அப்போதுதான் கவனித்தேன், விரலிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வண்டி பிடித்தேன். அந்தக் கோடு முழங்கையைத் தொட்டுவிடுமோ என்று வழியெல்லாம் எனக்கு உயிரே இல்லை.

"இந்த விரல் போனா நான் என்னடி பண்ணுவேன்?" என்று கேட்டார். அவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

டாக்டரம்மா தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இது பாவம்மா. வீட்டுல இருக்கிற இந்த மாதிரிச் சிலந்தி லேசுல கடிக்காது. கடிச்சாலும் கொஞ்சம் வலிக்கும், அரிக்கும், அடங்கிடும். விஷமுள்ளது சிலது உண்டு, இது அதுல சேராது. விரல்ல வேற எதாவது குத்திச்சா?"

"இல்லையே."

"ஊசி?"

"ஊசி தினம்தான் குத்தும். அதெல்லாம் ஒரு கணக்கா?"

தையல்காரர்களுக்கு அது காயமே இல்லை. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, ஊசி முறிந்திருந்தால் புதிதை மாட்டிக்கொண்டு, அடுத்த தையலுக்குப் போய்விடுவார்கள்.

டாக்டரம்மா விரலை மரத்துப்போகச் செய்து கீறினார். சீழோடு முறிந்த ஊசிமுனை ஒன்று வந்தது.

"கிருமி மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் தேடிட்டே இருந்திருந்தீங்கன்னா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். விரல் தங்கிடும். பழையபடி மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

மாமியார் தட்டில் கிடந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலந்தியாக இருந்திருந்தால் அதன் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்திருப்பார்.

"இதை எப்படிடி திட்டுறது?" என்றார். "இதுதானே நமக்குச் சோறு போட்டுச்சு."