கம்ப்யூட்டரும் பெரியப்பாவின் மோட்டாரும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனால் ஓடும், வீட்டில் ஓடாது. இதை இன்றைக்குச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. ஒரே வாரத்தில் அதன் சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கும் மன்னார்குடிக்குமாக மூன்று தடவை பஸ்ஸில் போய் வந்தவள் நான். மூன்றாவது தடவை கண்டக்டரே எழுந்து சீட் கொடுத்தார், கைக்குழந்தைக்காரிக்குக் கொடுப்பதுபோல.

அரசு வேலைக்கான தேர்வு ஒன்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலோடு முடிந்துவிடும். விண்ணப்பம் போய்விட்டால் தேர்வுவரை வீட்டிலிருந்து படிக்கலாம். போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேன் ஏற வேண்டும். அம்மா ஏஜென்டிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பி.காம். படித்துவிட்டு பனியனில் நூல் பிசிறு வெட்டுவதா என்று எனக்கு வயிறு எரிந்தது. மூடப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அப்பா இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்ததே இதற்காகத்தான்.

திங்கட்கிழமை பட்டனை அமுக்கினேன். உயிரே இல்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன், வேறு பிளக்கில் போட்டேன், கடைசியில் தலையில் இரண்டு தட்டும் தட்டினேன். மின்சாரம் என்னவோ இருந்தது. குண்டு பல்பு மஞ்சளாக எரிந்தது. அரசு கொடுத்த விலையில்லா மின்விசிறி யோசித்து யோசித்துச் சுற்றியது. அது பிறவியிலேயே அப்படித்தான் என்று நாங்கள் நினைத்திருந்ததால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் சவுதியிலிருந்து திரும்பிய ஒரு பாய். பெட்டியைப் பிரித்து, தூசி ஊதி, ரேம் பட்டையை ரப்பரால் தேய்த்து மாட்டினார். உடனே ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ஓடவில்லை. மறுநாள் பவர் சப்ளையையே மாற்றிக் கொடுத்தார். கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை. மூன்றாம் நாள் அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லம்மா. கோளாறு உங்க வீட்டுலதான் இருக்கு” என்றார்.

அவர் வயரிங்கைச் சொன்னார். அதைக் கேட்ட அம்மா அடுத்த வீட்டைப் பார்த்தாள். பெரியப்பா செய்வினை வைத்துவிட்டார் என்று அன்றே முடிவாகிவிட்டது. அம்மா மானிட்டரில் எலுமிச்சம்பழம் கட்டினாள். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அவிழ்த்துத் தூர எறிந்தார். அம்மா வேறு பழம் கட்டினாள். வியாழக்கிழமை முழுக்க இந்த வேலைதான் நடந்தது.

பெரியப்பா அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வாலிபத்தில் இருவரும் சேர்ந்து பண்ணையாரின் உபரி நிலத்தில் இறங்கிக் கொடி நட்டு, ஒரே போலீஸ் வேனில் ஏறி, திருச்சி ஜெயிலில் ஒரே தட்டில் களி தின்றவர்கள். பிறகு அரசாங்கம் ஆளுக்கு ஒரு ஏக்கர் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தது. பண்ணையார் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார். சண்டை போட ஆள் இல்லாமல் போனதும் நடுவில் இருந்த வரப்புக்காக இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். அரையடி அகல வரப்பு. முன்சீப் கோர்ட்டில் வழக்கு. சர்வேயர் வந்து அளக்கும்போதெல்லாம் வரப்பு ஒவ்வொரு இடத்தில் இருந்தது.

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முதலில் யார் வாய் திறந்தாலும் கேஸ் தோற்ற மாதிரி. அவசியம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சாடையாகச் சொல்வார்கள். அதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு விலையில்லா ஆடு இருந்தது. “கழனித் தண்ணிய இந்தப் பக்கம் ஊத்தாதேன்னா கேக்குறியா?” என்று ஆட்டைப் பார்த்துச் சொன்னால், அடுத்த வீட்டில் பாத்திரம் நங்கென்று விழும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மன்னார்குடியில் மின்வெட்டு, கடைசி வழியாக நினைத்திருந்த பிரவுசிங் சென்டரும் கிடையாது. நான் எல்லாம் போச்சு என்று மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தேன். திடீரென்று அது வேகம் பிடித்தது. அதே நொடியில் வீட்டுக்குப் பின்னால் பெரியப்பாவின் போர் மோட்டார் சத்தம் நின்றது. நான் துள்ளி எழுந்து பட்டனை அமுக்குவதற்குள் மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது, மின்விசிறி பழையபடி யோசிக்கப் போய்விட்டது.

விஷயம் அவ்வளவுதான். மூன்று ஃபேஸ் மின்சாரம் வரும் நேரத்தில்தான் வயல் மோட்டார் ஓட்ட வேண்டும். மற்ற நேரம் வருவது இரண்டு ஃபேஸ்தான். அதிலும் மோட்டாரை ஓட வைக்க ஊரே கண்டன்சர் டப்பா மாட்டியிருந்தது. அப்படி ஓடும் மோட்டார் அக்கம்பக்கத்து வீடுகளின் வோல்டேஜை எல்லாம் குடித்துவிடும். நான் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய நேரமெல்லாம் பெரியப்பா தண்ணீர் இறைத்த நேரம். அம்மா சொன்னது ஒரு வகையில் சரி என்பதை நான் இன்றுவரை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

மின்சார வாரியத்தில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். அப்பா தலையைச் சொறிந்தார். எங்கள் மோட்டாரிலும் அதே டப்பா இருந்தது. வேறு வழியில்லாமல் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வேலியோரம் போனார். நானும் போனேன்.

“ஏ ஆடே, ஒரு மணி நேரம் மோட்டார நிறுத்துனா ஒரு புள்ள அப்ளிகேஷன் போட்ரும். ஒனக்குப் புரியுதா?”

பெரியப்பா வாய்க்காலில் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்டைத்தான் பார்த்தார். ஆத்தில் தண்ணி வரவில்லை, நாற்று விட்டுப் பன்னிரண்டு நாளாகிறது, இன்றைக்குத் தண்ணி வைக்காவிட்டால் சுருண்டுவிடும் என்று ஆட்டுக்கு விளக்கினார். போன மாதம் இந்த வீட்டு மோட்டார் ஓடியபோது தன் வீட்டு டிவி அவிந்து கிடந்ததே, அப்போது இந்த ஆடு எங்கே போயிருந்தது என்றும் கேட்டார். எங்கள் ஆட்டோடு அவருக்கு என்ன பேச்சு என்று அம்மா உள்ளேயிருந்து சுவரிடம் கேட்டாள். ஆடு இதில் எதிலும் அக்கறை இல்லாமல் வேலியில் கிளுவை இலையைத் தின்றபடி நகர்ந்தது. அது நகர நகர, இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் பெரியப்பாவும் கூடவே நகர்ந்து வழக்காடினார்கள். மணி நாலாகிவிட்டது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆட்டின் கொம்பைப் பிடித்து நிறுத்தினேன்.

“இன்னைக்கு இது போவலேன்னா நாளன்னிக்கு நான் திருப்பூர் போயிடுவேன் ஆடே.”

பெரியப்பா வெட்டுவதை நிறுத்தினார். மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குள் போனார். சத்தம் நின்றது.

உள்ளே ஓடிப் பட்டனை அமுக்கினேன். கம்ப்யூட்டர் ஒரு கீச்சுக் குரல் கொடுத்து எழுந்தது. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையா அது? டேட்டா கார்டு இழுத்தது, போட்டோவின் அளவு சரியில்லை என்றது, சாதிச் சான்றிதழ் எண்ணை இரண்டு தடவை கேட்டது. எந்த நிமிஷமும் மோட்டார் ஓடிவிடும் என்று முதுகு முழுக்கக் காதாக உட்கார்ந்திருந்தேன். ஓடவில்லை. ஐந்தரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஐந்தே முக்காலுக்கு எங்கள் ஊர் மின்வெட்டு ஆரம்பித்தது. பெரியப்பா அன்றைக்குத் தண்ணீர் வைக்கவே இல்லை.

அடுத்த இரண்டு நாளும் மின்சாரம் சரியாக வரவில்லை. நாற்றங்காலில் பாதி பழுத்துவிட்டது. அவர் அசலூரில் நாற்றுக்கட்டு வாங்கி வந்து நட்டார். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கு அது பாட்டுக்கு நடந்தது.

கார்த்திகையில் முடிவு வந்தது. நான் தேறவில்லை. அம்மா மறுபடி ஏஜென்டின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். அந்த வாரம் ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் பெரியப்பா வந்து நின்றார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தலையில் போட்டிருந்த சாக்கை விலக்கி, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, பாசா?”

“இல்ல பெரியப்பா.”

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் நன்றாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாக்கை மறுபடி தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த பரீட்சைக்கு எப்போது எழுதிப் போட வேண்டும் என்று கேட்டார். தை மாதம் என்று சொன்னேன்.

“தையில அறுப்புதான். நமக்குத் தண்ணி தேவைப்படாது. நீ நிம்மதியா எழுதிப் போடு” என்றார்.