சூரிச்சை இலவசமாகக் காட்டுகிறவன்

ஊர் காட்டும் வேலையில், ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டச் சொல்வார்கள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவினரை ஏரிக்கரையில் நிறுத்திப் படம் பிடித்து அலுத்த வாசகர்களே, உங்களுக்கு இது தெரியும். நான் அதை முன்பின் அறியாதவர்களுக்கு, சனிக்கிழமை தோறும் இலவசமாகச் செய்கிறேன். இங்குள்ள தமிழ்ச் சங்கம் அறிவித்தல் போடும். நான் சூரிச்சின் பழைய நகரைச் சுற்றிக் காட்டுவேன். ஊரில் இடதுசாரித் துண்டுப்பிரசுரங்களைப் படித்து, கூட்டங்களில் பேசி வளர்ந்தவன் நான். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ரஷ்யப் புரட்சித் தலைவர் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால் நான் பேசுவதை ஒரு கூட்டமாவது முழுதாகக் கேட்க வேண்டும்.

இலவசம்

பக்கத்து ஊரான டீட்டிகோனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காசு வேண்டாம் என்றதும் தகப்பனார் முகம் மாறியது. "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, கடைசியில காப்புறுதிதானே விக்கப் போறியள்?" என்றார். இல்லை என்று சத்தியம் செய்தேன். வழி முழுக்க என்னைக் கண்காணித்தபடியே வந்தார். அந்த வீட்டின் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு "தோழர்களே" என்றேன். அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தியோ, தொடங்கிட்டார்! வா, போவம்."

வெறுஞ்சுவர்

மன்னாரிலிருந்து வந்து இங்கே குடியேறிய கத்தோலிக்க அக்கா ஒருவர், பெரிய தேவாலயத்துக்குள் மாதாவைத் தேடினார். ஐந்நூறு வருடங்களுக்கு முன் புரட்டஸ்தாந்து சீர்திருத்தக்காரர்கள் சிலைகளை அகற்றிய கதையை, நானே முன்னின்று அகற்றியதுபோல விளக்கினேன். அவர் வெறுஞ்சுவரைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டு, வாங்கில் அமர்ந்தார்.

"சிலையைத்தானே எடுத்தவை. மாதா எங்கை போறது? நீங்கள் கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ தம்பி."

முறைப்பாடு

சங்கச் செயலாளர் இங்கேயே பிறந்த பெண். நான் அரசியல் பேசுவதாக யாரோ அவரிடம் முறையிட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகப் பேசும் நிர்வாகத்தோடு போராடுவது எவ்வளவு சிரமம் என்பது பழைய தோழர்களுக்குத் தெரியும்.

"வீட்டைக் காட்டுங்கோ மாமா, பிரசங்கம் வேண்டாம். இன்னொருக்கா முறைப்பாடு வந்தால் வேற ஆளைத்தான் போடவேணும்."

பேசாத நாள்

அடுத்த சனிக்கிழமை வழமையை விடப் பெரிய கூட்டம். கூட்டத்தின் கடைசி வரிசையில் செயலாளரும் நின்றார். எனக்கென்று மிஞ்சியிருக்கும் கூட்டம் இது ஒன்றுதான். அதையும் இழக்க மனமில்லை. "இதுதான் வீடு" என்று மட்டும் சொல்லித் திரும்பி நடந்தேன். பின்னால் காலடிச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். வின்டர்தூரிலிருந்து இரண்டாம் முறையாக வந்திருந்த பஸ் சாரதி ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"என்னண்ணை, பேச்சு எங்கை? அதைக் கேட்டுச் சிரிக்கவெண்டுதானே மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தனான்!"

பேசினேன், கடைசி வரை கேட்டார்கள், சிரிக்கக் கூடாத இடமெல்லாம் பார்த்துச் செயலாளர் உட்படச் சிரித்தார்கள். கூட்டம் எதற்காகக் கூடியது என்று விசாரிக்கத் தொடங்கினால் உலகத்தில் ஒரு மேடையும் மிஞ்சாது.