சோழநாட்டில் தங்க மறுத்தவள்

என் நாயகிக்கு நாற்பத்து மூன்று வயது. விவாகரத்து ஆனவள். சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில் பேருந்து ஓட்டுகிறாள். ஒரு நாள் மத்தியான மழையில் ஆளில்லாத பேருந்தை ஓட்டிக்கொண்டு போனவள், மழை விட்டதும் பார்த்தால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நிற்கிறாள். அங்கே ஒரு சோழச் சிற்றரசன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். மிச்சத்தைச் சரித்திரக் காதல் கதை படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இருபது வயதுப் பெண் தாமரைக் குளத்தில் விழுந்து அரண்மனையில் கண் விழித்தால் யாரும் வாய் திறப்பதில்லை. என் ஆள் பேருந்தோடு போனால் மட்டும் எல்லோருக்கும் லாஜிக் வேண்டும்.

இந்தக் கதையை நான் ரயிலில்தான் எழுதினேன். வீடு பிடோக்கில், வேலை புக்கிட் மேராவில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில். போகும்போதும் வரும்போதும் கட்டைவிரலால் கைப்பேசியில் தட்டி, வாரம் ஒரு அத்தியாயம் ஒரு செயலியில் போடுவேன். பக்கத்து மேசையில் இருக்கும் தோழிதான் முதல் வாசகி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஏழாவது அத்தியாயத்தில் அரண்மனைச் சமையலறையில் மிளகாய் வறுத்து நெடி கிளப்பிவிட்டேன். அந்தக் காலத்தில் நம் பக்கம் மிளகாயே கிடையாது என்று வாசகர்கள் வரிசை கட்டி வந்து திட்டினார்கள். தப்பு என்னுடையது. மிளகாயை எடுத்துவிட்டு மிளகைப் போட்டேன். யார் சொன்னாலும் கேட்க மாட்டாள் என்று பின்னால் எனக்குப் பெயர் கிடைத்தது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கதை முடிய ஒரு அத்தியாயம் இருந்தபோது சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் எழுதினார். முழுக் கதையையும் முடிவின் சுருக்கத்தையும் அனுப்பச் சொன்னார், புத்தகமாகப் போடலாம் என்றார். ஒரு அட்டையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்பது இருபது வருட ஆசை. கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

அடுத்த மாதமே அவர் வேறு வேலையாகச் சிங்கப்பூர் வந்தார். சனிக்கிழமை மத்தியானம் தேக்கா உணவங்காடியில் சந்திப்பதாக ஏற்பாடு. தோழியும் வந்தாள். எங்கள் ஊரில் மேசை பிடிப்பதற்கு ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும். அதை வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்கலாம், ஒருவரும் உட்கார மாட்டார்கள். சட்டமெல்லாம் கிடையாது, பழக்கம்தான். என் நாயகியும் அரச விருந்தில் அதையேதான் செய்வாள். ராஜாவுக்குப் பக்கத்து ஆசனத்தில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுக் கைகழுவப் போவாள். அது என்ன மந்திரப் பொருளோ என்று காவலர்கள் வேலோடு சுற்றி நிற்பார்கள். நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

எங்கள் பாக்கெட்டை ஒரு மேசையில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் பிரியாணிக்கு நின்றோம். அதற்குள் பதிப்பாளர் வந்துவிட்டார். நேராகப் போய் வேறு யாரோ பிடித்து வைத்திருந்த மேசையில் உட்கார்ந்தார். அங்கிருந்த பாக்கெட்டைப் பிரித்து நெற்றி, கழுத்து எல்லாம் நிதானமாகத் துடைத்துக்கொண்டார். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வயதான சீனத் தம்பதி தட்டுகளோடு வந்து நின்றார்கள். அந்த ஆண்ட்டி பாக்கெட்டைப் பார்த்தார், பதிப்பாளரைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டு, பையிலிருந்த புதுப் பாக்கெட்டை அந்தத் தம்பதியிடம் கொடுத்து, பதிப்பாளரை எங்கள் மேசைக்கு அழைத்து வந்தேன்.

“கடைக்காரங்க ஃப்ரீயா வச்சிருக்காங்கன்னு நினைச்சேன் மேடம்” என்றார்.

சாப்பிட்ட பிறகு என் கதையை அச்செடுத்த தாள்களைப் பிரித்தார். எங்கு பார்த்தாலும் சிவப்பு மை. டிஷ்யூ வரும் பக்கத்தில் குறுக்கே ஒரு பெரிய கோடு.

“இது யாருக்குப் புரியும் மேடம்? நம்புற மாதிரியே இல்லையே.”

“இப்பதானே சார் அடுத்தவங்க இடத்துலேர்ந்து எழுந்து வந்தீங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

நாயகிக்கு இருபத்து மூன்று வயது போதுமாம். கல்யாணம் ஆகாதவளாம். சென்னையில் கல்லூரிப் பெண்ணாம். கடைசியாக முடிவுக்கு வந்தார்.

“ராஜாவே இருன்னு கேக்குறார். அதை விட்டுட்டு ஒரு பொண்ணு பஸ் ஓட்டத் திரும்பி வருவாளா? அவரோட தங்கிட்டான்னு முடிங்க. அடுத்த மாசமே அச்சுக்குக் கொடுத்துடலாம்.”

டிஷ்யூவை விட்டுக்கொடுத்திருப்பேன். வயதில்கூடப் பேரம் பேசியிருப்பேன். எனக்கு அந்தப் புத்தகம் அவ்வளவு வேண்டியிருந்தது. தோழியைத் திரும்பிப் பார்த்தேன்.

“கோவிச்சுக்காதீங்க லா அக்கா” என்றாள் அவள். “எண்டிங் மட்டும் சார் சொல்றது கரெக்ட். அவர் அவ்ளோ லவ் பண்றாரு. அவ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ல?”

அந்த வார்த்தையை முப்பத்தெட்டு வயதில் வீட்டை விட்டு வந்தபோது எத்தனை பேர் வாயால் கேட்டேன்! என் கணவர் குடிப்பவர் இல்லை, அடிப்பவர் இல்லை, பாசமாகத்தான் இருந்தார். நான் பதினொரு வருடம் எழுதி வைத்திருந்த நோட்டுகளை ஒரு நாள் பழைய பேப்பர்க்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். இடத்தை அடைக்கிறது, சும்மா கிறுக்கினதுதானே என்றார். எனக்குக் கோபம் வந்ததுகூட அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. இதற்காகவா ஒருத்தி பிரிந்து வருவாள் என்றார்கள் என் சொந்தக்காரர்கள். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றார்கள். ஆமாம், அதற்காகத்தான் வந்தேன். இன்றைக்கும் அதற்காகவே வருவேன்.

“ஆயிரம் வருஷம் பின்னாடி போயும் அட்ஜஸ்ட் பண்ணணும்னா, அவளை நான் எதுக்கு அனுப்பினேன்?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகள் திரும்பின, திரும்பட்டும். “அவ வருவா சார். அதே வயசுல, அதே பஸ்ஸுல, பிடோக்குக்கே வருவா. இல்லேன்னா புத்தகம் வேணாம்.”

“யோசிங்க மேடம். இந்த மாதிரி வாய்ப்பு திரும்ப அமையாது.”

அவர் சொன்னது உண்மைதான். இன்றுவரை அமையவில்லை. எந்த அட்டையிலும் என் பெயர் இல்லை. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

தாள்களை வாங்கிக்கொண்டு ஜாலான் புசார் வரை தனியாக நடந்தேன். தோழி கூட வரவில்லை. ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். கடற்கரையில் பேருந்து புறப்படத் தயாராக நிற்கிறது. ராஜா ஓடி வந்து இரு என்கிறார். அவள் அழவில்லை, காரணம் சொல்லவில்லை. முன்கதவைத் திறக்கிறாள். “நான் இருக்க முடியாது. நீங்க வரலாம்” என்கிறாள். அங்கேயே முற்றும் போட்டு செயலியில் ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் தோழி பையைக்கூடக் கீழே வைக்காமல் என் மேசைக்கு வந்தாள்.

“அவர் ஏறினாரா இல்லையா அக்கா? அதை எழுதவே இல்லையே!”

“அதை அவர் யோசிக்கட்டும்” என்றேன். “இவ்வளவு நாளா ரெண்டு பேருக்கும் சேர்த்து அவதான் யோசிச்சா.”