மல்லாட்டை தின்ற புரொபஷனல்

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு செஸ் போட்டி. ஆடியது மனிதர்கள் இல்லை... கம்ப்யூட்டர்கள்! புரோகிராம் எழுதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனைத் தட்டவேண்டியது, அவ்வளவுதான்.

காலைப் பூசை முடிந்ததும் நண்பர் சவரிமுத்து என்னையும் விழுப்புரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனார். அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியார். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த குட்டிக் கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்டி, ரொம்ப நாளாக ஒரு செஸ் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதை நாலு பேர் முன்னால் ஆடவிட்டுப் பார்க்கவேண்டும் — மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. பஸ்ஸில் டி.வி. பெட்டி அவர் மனைவி பிலோமினா மடியில் வந்தது.

போட்டியில் இரண்டு பிரிவு. அமெச்சூர், புரொபஷனல். சவரிமுத்து அமெச்சூரில் பெயர் கொடுத்தார். போட்டிச் செயலாளர் விடவில்லை.

"வானூர்க்காரர் ஒருத்தரு உங்க புரோகிராமை கேசட்ல காப்பி எடுத்துக்கினு, ஒரு மூட்டை மல்லாட்டை குடுத்தாராமே?"

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

"அது ஆசையா குடுத்தது சார்!"

"வறுத்துத் துன்னீங்களா, இல்லியா?"

"துன்னோம்..."

"அப்ப புரொபஷனல். புரோகிராமுக்குப் பணமோ பொருளோ வாங்கினா புரொபஷனல்தாங்க. ரூலு."

நம் பக்கத்தில் யார் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகிறார்கள்? இந்த ரூல்படி பார்த்தால் ஜில்லாவில் ஒரு அமெச்சூர்கூடத் தேறமாட்டான்! ஆனால் சவரிமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. அரசாங்க வாத்தியார் வெளியே தொழில் செய்கிறார் என்று பேச்சு கிளம்பினால் மெமோ வருமே. பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். எனக்கே பாவமாக இருந்தது.

பிலோமினா முன்னால் வந்தார். "சார், மூட்டையை வாங்கி வெச்சது நானு. புரொபஷனல்ல எம்பேரை எழுதிக்கோங்க."

இதில் என்ன அதிசயம்? வாத்தியார் வீடுகளில் சீட்டு, ஏஜென்சி, பால்மாடு எல்லாம் சம்சாரம் பேரில்தானே ஓடுகிறது! செயலாளரும் எழுதிக்கொண்டார். ஒரே கண்டிஷன் — மெஷின் முன்னால் அந்த அம்மாதான் உட்காரவேண்டும், எல்லாம் அவர் முடிவு, கணவர் மூச்சு விடக்கூடாது. வீட்டில் தினமும் பட்டன் தட்டுவது பிலோமினாதான். செஸ்தான் தெரியாது!

புரொபஷனலில் மொத்தமே இரண்டு பேர்தான். எதிரே ஒரு கம்பெனி மெஷின். பேட்டரியில் ஓடுவது. கூடவே டை கட்டிய ஓர் இளைஞர். சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் ராணி வெட்டுப்பட்டது. கடைசி வரிசையில் சவரிமுத்து சந்தோஷத்தில் என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

டை இளைஞர் நெளிந்தார். "மேடம், டிரா வெச்சிக்கலாமா?"

"சரிங்க" என்றார் பிலோமினா. உடனே!

சவரிமுத்து பாய்ந்தார். "ஜெயிக்கிற ஆட்டம்டி! ராணி இல்லாதவன்கிட்ட போயி... இன்னா காரியம் பண்ணிக்கினு—"

ஃபேன் நின்றது. டி.வி. அணைந்தது. கரண்ட் கட். உள்ளே இருந்த ஆட்டம், புரோகிராம் எல்லாம் அவுட். கம்பெனி மெஷினில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"படம் சுருங்கிக்கினே வந்திச்சிங்க" என்றார் பிலோமினா. "நம்ம ஊட்லயும் கரண்ட் போறதுக்கு முன்னாடி இப்பிடித்தான சுருங்கும்? அதான், ஜல்தியா முடிச்சிட்டேன்."

டை இளைஞருக்கும் பிலோமினாவுக்கும் சேர்த்து முதல் பரிசு. திரும்பும் பஸ்ஸில் சவரிமுத்து "ஜெயிச்சிருக்கலாம், ஜெயிச்சிருக்கலாம்" என்று புலம்பிக்கொண்டே வந்தார். பிலோமினா நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

யார் அமெச்சூர், யார் புரொபஷனல்... செயலாளர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்!