யாருக்காவது புரியலையா?

சீட்டு வாங்காமல் அவர் யாரையும் வகுப்பை விட்டு வெளியே விடுவதில்லை. மணி அடித்ததும் வாசலில் போய் நின்றுகொள்வார். இன்று புரிந்தது என்ன, புரியாதது என்ன என்று உள்ளங்கை அகலத் தாளில் ஆளுக்கொரு வரி எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். முன்னால் நிற்பவன் முதுகையே மேசையாக்கி எழுதுவார்கள். கல்லூரியில் அவருக்குச் ‘சீட்டு மேடம்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். “பேரு வைக்கிற அளவுக்காவது கவனிச்சிருக்காங்களே” என்பார்.

புள்ளியியல் துறையில் நான் கடைக்குட்டி. எனக்கு எதிர் மேசை அவருடையது. நான் அதிகம் பேசாதவன் என்பதால், சாப்பாட்டு வேளையில் அந்தச் சீட்டுகளை என்னிடம்தான் படித்துக் காட்டுவார். “எல்லாம் புரிந்தது.” “எல்லாம் புரிந்தது.” “எல்லாம் புரிந்தது, பசிக்கிறது.” படித்து முடித்து டப்பாவை மூடுவார். “எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சிருக்கு தம்பி. இதை நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.” பரீட்சையில் பாதி வகுப்பு அந்தப் பாடத்தில்தான் கவிழும்.

கற்பித்தல் பற்றி எங்கே பயிலரங்கு நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். மற்றவர்கள் தேநீர் இடைவேளைக்குப் பிறகு காணாமல் போய்விடுவார்கள். இவர் கடைசியில் நாற்காலி அடுக்குகிறவர்களிடமும் சந்தேகம் கேட்பார். கற்றுக்கொண்டதை மறுநாள் காலையே மாணவர்கள் தலையில் இறக்குவார். ஒருமுறை அது நிஜமாகவே தலையில் இறங்கியது; ஆளுக்கொரு வண்ணத் தொப்பி. இன்னொரு முறை பலூனுக்குள் கேள்வியை வைத்து ஊதி உடைத்தார்கள். பக்கத்து வகுப்பில் இருந்த இயற்பியல்காரர் மேசைக்கடியில் போய்விட்டார். அன்று ஒலி பற்றிய பாடம் என்பதால் ஒருவழியாகச் சமாளித்துவிட்டதாகக் கேள்வி.

வீட்டிலும் விடுவதில்லை. கணவர் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் சாப்பாடு முடிந்ததும், “இன்னைக்கு எது நல்லாருந்துச்சு, எதை மாத்தணும்? ஒரு வரில சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். “உப்பை மாத்தணும்” என்றாராம் அவர். பத்தாவது படிக்கும் மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், “அம்மா, நீ வீட்டுக்கு வரும்போது டீச்சரைச் செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு வா” என்றாளாம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. இரண்டு பேர் மனம்விட்டுக் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்ற திருப்திதான் முகத்தில் இருந்தது.

போன மாதம் கல்லூரி முதல்வர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கற்றல் கற்பித்தல் வாரம் வருகிறது. அதில் அவர் ஒரு திறந்த வகுப்பு எடுக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள், முதல்வர் மதிப்பெண் போடுவார். சரியாக வராவிட்டால் முதலாண்டு வகுப்பு வேறு ஒருவருக்குப் போய்விடும். இவருக்குத் தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டும் வேலை. திரும்பி வந்தவர் உட்காரவே இல்லை. “முதல் வருஷப் பிள்ளைங்கதான் தம்பி, இன்னும் நம்ம மூஞ்சியப் பாக்குதுங்க. அடுத்த வருஷம் போனைத்தான் பாக்கும். இந்த வகுப்பையும் பிடுங்கிட்டா நான் எங்க போய் நிப்பேன்?”

எங்கள் கல்லூரியில் திறந்த வகுப்புக்கு முந்தின நாள் ஒத்திகை உண்டு. யாரும் அதை ஒத்திகை என்று சொல்வதில்லை. ‘லேசா ஒரு தடவ தொட்டுக் காட்டுறது’ என்பார்கள். யார் எதற்குக் கை தூக்குவது, யார் தப்பாகச் சொல்வது, யார் எழுந்து அதைத் திருத்துவது எல்லாம் அப்போதே முடிவாகிவிடும். இவர் மட்டும் வருடக்கணக்காக அதைத் திட்டிக்கொண்டிருந்தார். “சாப்பிட்டுக் கை கழுவினவங்களைத் திரும்பக் கூட்டியாந்து பசிக்குதான்னு கேக்குற மாதிரி இருக்கு.” இந்த முறை, முந்தின நாள் மாலை, கையெல்லாம் சுண்ணப்பொடியோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், “லேசா ஒரு தடவ தொட்டுக் காட்டிட்டேன்” என்றார். நான் தலையாட்டினேன்.

பாடம், திட்ட விலக்கம்; சராசரியை விட்டு எவ்வளவு விலகி அலைகிறது என்ற கணக்கு. உதாரணத்துக்கு இரண்டு பேருந்துகள். சராசரியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் ஒன்று சில நாள் பறக்கும், சில நாள் உயிரை வாங்கும். மற்றது தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இதைக் கேட்ட கணவர், “மொத பஸ் என்னோடதுதானே?” என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் பின் வரிசைகள் ஆசிரியர்களால் நிரம்பியிருந்தன. மேடம் கரும்பலகையில் முதல் பேருந்தை வரைந்து சக்கரம் போட்டுக்கொண்டிருந்தபோதே முன் வரிசையில் ஒருவன் கை தூக்கினான்.

“ரெண்டாவது பஸ்லதான் ஏறணும் மேடம். அதுக்குத்தான் திட்ட விலக்கம் கம்மி.”

இரண்டாவது பேருந்து இன்னும் பலகைக்கே வரவில்லை. “இருப்பா, வண்டி வரட்டும்” என்றார் மேடம். இயற்பியல்காரர் இருமினார். அடுத்து, தப்பாகச் சொல்ல வேண்டியவன் பதற்றத்தில் சரியாகச் சொல்லிவிட்டான். அவனைத் திருத்த வேண்டியவள் எழுந்து, “அது தப்பு” என்று திருத்தினாள்.

மேடம் எந்த வகுப்பிலும் கேட்காமல் விடாத கேள்விக்கு வந்தார். “யாருக்காவது புரியலையா?”

முதல்வர் பேனாவைத் திறந்தார். சன்னலோரம் ஒரு பெண்ணின் கை, பாதி உயரத்துக்கு மேலே வந்தது.

“எனக்குப் புரியல மேடம். ரெண்டுக்கும் சராசரி ஒண்ணுதானே? அப்புறம் எதுல ஏறினா என்ன?” சற்று நிறுத்தி, மன்னிப்புக் கேட்கும் குரலில் சேர்த்துக்கொண்டாள். “நேத்து நீங்க இதை நடத்தினப்ப நான் லீவு.”

முன் வரிசைக்காரன் திரும்பி அவளை முறைத்தான். முதல்வர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், தாளில் ஏதோ எழுதி அடிக்கோடும் போட்டார். ‘அப்புறமா வந்து பாரும்மா’ என்று சொல்லிவிட்டு மேலே போயிருந்தால்கூட ஏதாவது தேறியிருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“ஆமா, நேத்தே நடத்திட்டேன்” என்றார் மேடம், பொதுவாக எல்லோருக்கும். பிறகு அவளிடம், “நீ எப்படிம்மா காலேஜுக்கு வர்ற?”

“பச்சை பஸ்ல மேடம். அது எப்ப வரும்னே தெரியாது.”

“அதை ஓட்டுறவரை எனக்குத் தெரியும். அவருக்கே தெரியாது.”

சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு நேராக அந்தப் பெண்ணிடம் போனார். தள்ளி உட்காரச் சொல்லி, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு முதுகுகள். “போன வாரம் என்னைக்கெல்லாம் லேட்டு, சொல்லு” என்றது வரை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. அந்தப் பெண் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி எதையோ அடித்து, வேறு எழுதினாள்.

முதல்வர் தொண்டையைச் செருமினார். “மேடம், பின்னாடி இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்கல.”

மேடம் திரும்பவில்லை. அந்தப் பெண் எழுதுவதிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி முதல்வரைக் கையமர்த்தினார்.